அடையாறு, லூயிஸ்பர்க், நத்தம்: ஒழுங்கு பற்றிய ஒரு கதையாடல்

பட்டினப்பாக்கத்திலிருந்து மணலோரமாகத் தெற்கே நடந்தால் சீனிவாசபுரம் மீனவர் குடியிருப்பைத் தாண்டி அடையாறு கடலில் சேரும் இடம் வரும். எதிர்க்கரையில் பிரம்மஞான சபையின் மரங்கள். உள்ளே மேற்காகக் குயிபிள் தீவும் அதன் கல்லறைத் தோட்டமும், அப்புறம் தொல்காப்பியப் பூங்காவின் வேலி. திரு.வி.க. பாலத்தின் மேல் போகிற பேருந்திலிருந்து பார்த்தால் எல்லாமே ஒரு நிமிடத்தில் கடந்துபோகும். இங்கேதான் 1746இல், சில நூறு பேர் கொண்ட ஐரோப்பிய ஒழுங்கு பத்தாயிரம் பேர் கொண்ட கீழைத்தேய ஒழுங்கின்மையைத் தோற்கடித்தது என்று பள்ளிக்கூட நாளிலிருந்து படித்துவருகிறோம். இந்தச் சண்டைக்கு நினைவுக்கல் எதுவும் அந்தப் பக்கத்தில் என் கண்ணில் பட்டதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. கல் என்று ஒன்று வைத்தால் அதில் எந்த வாசகத்தைப் பொறிப்பார்கள் என்பது தெரிந்ததுதான். அந்த வாசகத்தைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் நடந்தது என்ன என்பதைச் சொல்லிவிடலாம். ஆஸ்திரிய அரியணைக்கு வாரிசு யார் என்ற சண்டையில் இங்கிலாந்தும் பிரான்சும் 1744இல் எதிரெதிராக நின்றன. வியன்னா அரண்மனைத் தகராறு சோழமண்டலக் கரைக்கு வந்துசேர இரண்டு வருஷம் பிடித்தது. மொரீஷியஸ் தீவின் கவர்னரான லா பூர்தொனே கப்பல்களோடு வந்து மதராஸ் கோட்டையைக் குண்டுவீசிப் பிடித்தார். பிரெஞ்சு நாட்காட்டியில் அது 1746 செப்டம்பர் 21. அவர் படையில் தீவுகளிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள் என்பதை இப்போதே குறித்துக்கொள்வோம். 'பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள்' என்ற வாக்கியத்துக்குள் இவர்களும் அடக்கம். 11 லட்சம் வராகன் வாங்கிக்கொண்டு ஊரை ஆங்கிலேயரிடமே திருப்பித் தருவதாக லா பூர்தொனே பேரம் பேசினார். பாண்டிச்சேரி கவர்னர் துய்ப்ளெக்ஸ் ஒப்பவில்லை. அவரோ ஊரைப் பிடித்தால் உங்களிடமே தந்துவிடுகிறேன் என்று ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கானுக்கு வாக்களித்திருந்தார். ஒரே ஊரை இரண்டு பேருக்கு விலைபேசியாகிவிட்டது. ஊரில் குடியிருந்தவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அக்டோபர் நடுவில் ஐப்பசிப் புயல் வந்து லா பூர்தொனேயின் கப்பல்களைச் சிதறடித்தது, அவர் கிளம்பிப்போனார். துய்ப்ளெக்ஸ் வாக்கைக் காப்பாற்றவில்லை. நவாப் தன் மூத்த மகன் மாபூஸ் கானைச் சுமார் 10,000 பேரோடு அனுப்பினார்.

மாபூஸ் கானின் ஆட்கள் கோட்டையைச் சூழ்ந்து, ஊருக்கு நல்ல தண்ணீர் கொடுத்த ஊற்றையும் பிடித்துக்கொண்டார்கள். உள்ளிருந்து 400 பேர் இரண்டு சிறு பீரங்கிகளோடு வெளியே வந்து சுட்டதில் அவர்கள் சிதறினார்கள். ராபர்ட் ஓர்ம் இந்த இடத்தில் நின்று விளக்குகிறார்: இங்கத்தியப் பீரங்கிக்காரர்கள் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை சுட்டாலே நன்றாகச் சுட்டதாக நினைப்பவர்களாம், ஒரே பீரங்கி நிமிடத்துக்கு ஐந்தாறு முறை வெடிக்கும் என்பது அவர்கள் கற்பனைக்கே எட்டாததாம். இருக்கலாம். சிதறிய படை தெற்கே வந்து சாந்தோமில் முகாமிட்டது. பாண்டிச்சேரியிலிருந்து பாரதி என்ற சுவிஸ்காரப் பொறியாளர் (நம் கவிஞரின் பெயரோடு குழம்ப வேண்டாம், பராடி என்றே எழுதிக்கொள்வோம்) ஒரு சிறுபடையோடு வருகிறார் என்று தெரிந்ததும், அடையாற்றின் வடகரையில் பீரங்கிகளை வரிசையாக நிறுத்திவைத்துக் காத்திருந்தது.

பராடியிடம் பீரங்கி இல்லை. ஆற்றில் இறங்கி, நீரைக் கடந்து, கரையேறி, ஒருமித்துச் சுட்டு, துப்பாக்கி முனையில் செருகிய கத்தியோடு பாய்ந்தார்கள். வடகரைப் படை சாந்தோம் தெருக்களுக்குள் பின்வாங்கியது. ஆள், குதிரை, பொதிமாடு, ஒட்டகம் எல்லாம் குறுகிய தெருக்களில் நெருக்கிக்கொண்டு நகரமுடியாமல் நின்றபோது பின்னாலிருந்து தொடர்ந்து சுட்டார்கள். மாபூஸ் கான் யானைமேல் தப்பிப்போனார். சாந்தோம் அப்போது மதிலிழந்த, பழைய போர்த்துக்கீசியத் திறந்த ஊர். சண்டைக்குப் பின் அந்த ஊரும் மயிலாப்பூரும் என்ன பாடுபட்டிருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆங்கிலேயருக்கு அது அக்டோபர் 24. பிரெஞ்சுக்காரருக்கு நவம்பர் 4. பாண்டிச்சேரியில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அட்சய வருஷம் ஐப்பசி மாதம். மயிலாப்பூரில் அன்று செத்தவனுக்கு அது மூன்றாவது கணக்கிலேயே வரும். நம் வரலாற்று நூல்கள் முதல் இரண்டுக்கும் நடுவே 11 நாள் ஏன் வித்தியாசம் என்று அடிக்குறிப்பு போடுகின்றன. மூன்றாவதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

இனி அந்த வாசகத்துக்கு வருவோம். ஓர்மின் வரலாற்று நூலின் முதல் தொகுதி 1763இல் வந்தது. அவர் மதராஸ் கவுன்சிலில் உறுப்பினராக இருந்தவர். தன் எஜமானர்களின் எதிரியான பிரெஞ்சுக்காரர் பெற்ற வெற்றியைக்கூடப் பெருமையோடு எழுதுகிறார். ஏனென்றால் அவர் பார்வையில் அது பிரான்சின் வெற்றி என்பதற்கு மேல் 'நம்மவர்களின்' வெற்றி. மொகலாய அதிகாரிகள் வெல்லமுடியாதவர்கள் என்ற பயம் அன்றோடு தெளிந்தது என்பது அவர் வாதம். நூற்றாண்டு கழித்து மாலெசன் இதை இன்னும் உயரத்துக்குக் கொண்டுபோனார். இந்தியாவின் முடிவுகட்டிய போர்கள் பற்றிய அவருடைய நூல் இந்தச் சாந்தோம் சண்டையிலிருந்தே தொடங்குகிறது. பிளாசியெல்லாம் அப்புறம்தான். அதாவது ஏகாதிபத்தியத்தின் பெருங்கதையாடலுக்குக் காப்புச் செய்யுள் நம் அடையாற்றங்கரையில் பாடப்படுகிறது. தேசிய வரலாற்றாசிரியர்களும் இதைத் தலைகீழாக்கவில்லை. 'நம்மவர்களிடம் ஒற்றுமை இல்லை, ஒழுங்கு இல்லை' என்று பெருமூச்சாக மாற்றிக்கொண்டார்கள். மேடைப்பேச்சில் இன்றுவரை கேட்கிற பெருமூச்சு அது.

மாலெசன் தருகிற கணக்கையே எடுத்துக்கொள்வோம். பராடியோடு ஆற்றில் இறங்கியவர்களில் ஐரோப்பியர் 230 பேர். சிப்பாய்கள் 700 பேர். அப்படியென்றால் அன்று வென்ற 'ஐரோப்பிய ஒழுங்கு' நான்கில் மூன்று பங்கு இந்த மண்ணின் உடம்புகளில் இருந்தது. பாண்டிச்சேரியில் துய்ப்ளெக்ஸுக்கு முந்தைய கவர்னர் துய்மா காலத்திலேயே உள்ளூர் ஆட்களைச் சேர்த்து, ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். எதிர்க்கரையில் நின்றவர்களும் இவர்களும் ஒரே சந்தையில் கூலிக்கு வாளெடுத்தவர்கள். இந்தப் பக்கம் போனவனுக்கு ஒழுங்காகச் சம்பளமும் தினசரிக் கவாத்தும் கிடைத்தது, அந்தப் பக்கம் போனவனுக்குச் சம்பளம் பாக்கியும் அவனவன் தலைவனும். ஃபூக்கோ 1975இல் வெளியிட்ட தண்டனை பற்றிய நூலில் ஒரு இடம் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படைவீரன் என்பவன் தோற்றத்தாலும் நடையாலும் அடையாளம் காணப்படுபவன். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவன் களிமண்ணிலிருந்து பிசைந்து செய்யப்படுகிற பொருள் ஆகிவிடுகிறான் என்று அங்கே காட்டுகிறார். ஒழுங்கு ஒரு இனத்தின் பிறவிக் குணம் கிடையாது, அது உடல்மீது செலுத்தப்படும் ஒரு தொழில்நுட்பம். அது பிரான்சின் கிராமத்தானிடம் செய்ததை இங்கே பாண்டிச்சேரியிலும் செய்தது. பாரிஸ் ஆவணங்களைக் குடைந்த ஃபூக்கோவின் கண் இந்தப் பக்கம் திரும்பவில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் அந்த 700 பேரில் ஒருவர் பெயர்கூட பாடப்புத்தகத்தில் கிடையாது. வெற்றி வேண்டும்போது அவர்கள் ஐரோப்பியர் ஆகிவிடுகிறார்கள்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது பழைய வாதம்தான். என்னைத் தொந்தரவு செய்தது இன்னொன்று. அடையாற்றுச் சண்டைக்கு ஒரு வருஷத்துக்குச் சற்று மேலாக முன்னால், அதே போரின் இன்னொரு கோடியில், வட அமெரிக்காவின் கேப் பிரெட்டன் தீவில், பிரெஞ்சுக்காரரின் லூயிஸ்பர்க் கோட்டை விழுந்தது. அதைப் பிடித்தது யார்? கவாத்துப் பழகிய பிரிட்டிஷ் பட்டாளம் அல்ல. மாசசூசெட்ஸ், கனெக்டிகட், நியூஹாம்ப்ஷையர் குடியேற்றங்களிலிருந்து சேர்ந்த நாலாயிரம் பேர்: மீனவர்கள், விவசாயிகள், தச்சர்கள். ஆங்கிலத்தில் மிலிஷியா என்கிறார்களே, அந்த வகை. நாம் குடிப்படை என்று சொல்லலாம். கடலில் வாரன் என்பவரின் பிரிட்டிஷ் கப்பல்கள் காவல் நின்றன, தரையில் முற்றுகை இவர்களுடையது. தலைவர் வில்லியம் பெப்பரல், மீனும் மரமும் விற்ற வியாபாரி; முற்றுகை என்பதை அதற்கு முன் நடத்தியறியாதவர். சதுப்பு நிலத்தில் பீரங்கிகள் புதைந்தபோது மரச் சறுக்குவண்டி செய்து மனிதர்களே இழுத்தார்கள். 1745 ஜூனில் கோட்டை சரணடைந்தது.

அந்த முகாம் எப்படியிருந்தது என்று பார்க்மன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1892இல் எழுதினார். முன்னால் பீரங்கி முழங்கிக்கொண்டிருக்க, பின்னால் ஆட்கள் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள், மல்யுத்தம் செய்தார்கள், குறிபார்த்துச் சுட்டு வெடிமருந்தை வீணாக்கினார்கள், எதிரி சுட்ட குண்டுகளைப் பொறுக்க ஓடினார்கள். கோயில் திருவிழா மாதிரி. இதையெல்லாம் பார்க்மன் எழுதுகிற தொனியைக் கவனிக்க வேண்டும். தாத்தா பேரன்களின் குறும்பைச் சொல்கிற தொனி அது. யாருக்கும் கட்டுப்படாத சுதந்திர மனிதர்கள், ஒழுங்கு இல்லாமலே வென்ற எளியவர்கள்!

அடையாற்று வடகரையிலும் ஒழுங்கில்லை. லூயிஸ்பர்க் முகாமிலும் ஒழுங்கில்லை. ஒன்று நாகரிகத்தின் தோல்வி, மற்றது சுதந்திரத்தின் முளை. ஒரே போர், ஒரு வருஷ இடைவெளி. ஒழுங்கு என்ற சொல்லுக்குத் தனியே பொருள் இல்லை, யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே அதன் பொருளை முடிவுசெய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. தோற்றவனின் ஒழுங்கின்மை வென்றவனின் ஒழுங்கின்மைபோல் பேசப்படாது, அது இயல்புதானே என்று ஒரு நண்பர் சொன்னார். வெற்றிதான் அளவுகோல் என்றால் இன்னொரு சண்டையையும் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

லூயிஸ்பர்க்கும் மதராஸும் எங்கே சந்தித்தன? ஆஹன் நகரத்து மேஜை ஒன்றின் மேல். 1748 அக்டோபரில் அங்கே கையெழுத்தான உடன்படிக்கையில் பிரான்ஸ் மதராஸை இங்கிலாந்துக்குத் திருப்பித் தந்தது, இங்கிலாந்து லூயிஸ்பர்க்கைப் பிரான்சுக்குத் திருப்பித் தந்தது. எத்தனை உறைபனி, எத்தனை சதுப்பு! கோட்டையைக் காத்துக்கொண்டு அங்கே தங்கிய குடிப்படையினர் முதல் குளிர்காலத்தில் நோயில் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். எதிரியின் குண்டுக்குச் செத்தவர்களைவிடப் பல மடங்கு. அத்தனையும் மாற்றுக்குப் போனது, இங்கே கூவத்துக்கும் கடலுக்கும் நடுவே இருந்த ஒரு வியாபாரக் கோட்டைக்கு. பாஸ்டன்காரர்கள் மதராஸ் என்ற பெயரை வெறுப்போடு உச்சரித்த காலம் ஒன்று இருந்திருக்க வேண்டும்.

அவர்களுடைய வெறுப்பு வீணாகவில்லை என்பதுதான் விஷயம். அங்கே ஊர்க்கூட்டம் இருந்தது, சட்டமன்றம் இருந்தது, அச்சகம் இருந்தது. 1747 நவம்பரில், லூயிஸ்பர்க்கின் கவர்னராக இருந்துவந்த நோல்ஸ் என்ற தளபதி கடற்படைக்குப் பாஸ்டனில் பலவந்தமாக ஆள் பிடித்தபோது, மாலுமிகளும் கூலிக்காரர்களும் கறுப்பர்களும் சேர்ந்து மூன்று நாள் ஊரைக் கையில் வைத்திருந்தார்கள். அடுத்த சில வாரங்களில் சாமுவேல் ஆடம்ஸும் நண்பர்களும் ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். முற்றுகைக்கான செலவை இங்கிலாந்து 1749இல் வெள்ளியாகக் கப்பலில் அனுப்பி ஈடுகட்டியது. கோபத்தை ஈடுகட்ட முடியவில்லை. லூயிஸ்பர்க்கைத் திருப்பித் தந்ததால்தான் அமெரிக்க விடுதலைப் போர் வந்தது என்று சொன்னால் அது மிகை. 27 வருஷ இடைவெளியில் வரி, முத்திரைத்தாள், தேயிலை என்று எவ்வளவோ. அந்தத் தேயிலையிலும் நம் ஊர் இருக்கிறது. 1769இல் ஹைதர் அலியின் குதிரைகள் பரங்கிமலை வரை வந்து மதராஸ் கவுன்சிலை உடன்படிக்கைக்கு இழுத்தன. அந்தச் செய்தி லண்டனில் கம்பெனிப் பங்குகளின் விலையைச் சரித்தது. வங்காளப் பஞ்சமும் கம்பெனி ஊழியர்களின் கொள்ளையும் மிச்சத்தைச் செய்தன. நொடித்துப்போன கம்பெனியைத் தூக்கி நிறுத்தவே 1773இன் தேயிலைச் சட்டம். பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகள் கடலுக்குப் போயின. 1775 ஜூனில் பங்கர் குன்றுச் சண்டைக்கு முதல்நாள் இரவு குடிப்படைக்கு மண்கோட்டை வரைந்து கொடுத்த ரிச்சர்ட் கிரிட்லி, 30 வருஷம் முன்பு லூயிஸ்பர்க் முற்றுகையில் பணிசெய்தவர். தொடர்ச்சி என்றால் இப்படித்தான், ஆட்களின் கையிலும் நினைவிலும்.

இங்கே? மாற்றில் அந்தப் பக்கம் போன பண்டமான நாம் எங்கே கோபப்பட்டோம், யாரிடம்? 1749இல் மதராஸ் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது; அதே வருஷம் பாஸ்கவன் சாந்தோமையும் மயிலாப்பூரையும் கம்பெனிக்குச் சேர்த்துக்கொண்டார். அடையாற்றுச் சண்டையில் யாரும் கேட்காத மயிலாப்பூர், அந்தச் சண்டையின் வாலாக, கம்பெனி ஊராகிவிட்டது. கபாலி கோயில் குளத்தைச் சுற்றி நடக்கும்போது இதை நினைத்துப் பார்ப்பவர் எத்தனை பேர்?

தமிழில் இருக்கிற ஒரே பெரிய சாட்சி ஆனந்தரங்கப் பிள்ளை. 1709இல் பெரம்பூரில் பிறந்தவர். 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு. எம்.ஏ. தமிழ்ப் பாடத்தில் 'உரைநடை வளர்ச்சி' என்ற தலைப்பின்கீழ் அவருக்கு இரண்டு வரி ஒதுக்குவார்கள். வீரமாமுனிவருக்கு அப்புறம், ஆறுமுக நாவலருக்கு முன்னால். அந்தப் பிரதியை ஒரு பக்கமாவது வகுப்பில் வாசித்தோமா என்றால் கிடையாது. பேசுகிற மாதிரியே எழுதிய தமிழ், நடுவே பாரசீகம், பிரெஞ்சு, போர்த்துக்கீசியம், முற்றுப்புள்ளி இல்லாமல் ஓடுகிற வாக்கியம். இலக்கண வகுப்பு இதை எப்படி உள்ளே விடும்? 1846இல் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கையெழுத்துப்படியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாக 1904இல் தொடங்கி 1928இல் முடிந்தது. அது முடிந்து இருபது வருஷம் கழித்து, 1948இல்தான், தமிழ் மூலம் அச்சேறத் தொடங்கியது. நம் சாட்சியை நாம் வாசிக்கும் முன்னால் மதராஸ் அரசாங்கம் ஆங்கிலத்தில் வாசித்துவிட்டது.

பிள்ளையை அடித்தள மக்களின் குரல் என்று தூக்கிப்பிடிக்கிற அவசரம் எனக்கில்லை. அவர் வியாபாரி, துபாஷ், துய்ப்ளெக்ஸின் காதும் வாயும். நவாப் தர்பாருக்கும் கவர்னருக்கும் நடுவே போன கடிதங்கள் அவர் கை வழியாகப் போயின. அவருடைய அக்கறை யார் கை ஓங்குகிறது, அதில் தன் இடம் என்ன, ஜாதகம் என்ன சொல்கிறது என்பது. ஆனாலும் ஓர்மை வாசித்துவிட்டுப் பிள்ளையை வாசித்தால் ஒன்று தெரியும். பிள்ளைக்கு இது 'ஐரோப்பா வெர்சஸ் ஆசியா' கிடையாது. யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தான், யார் வாக்குத் தவறினான், எவ்வளவு பணம், யார் சரக்கு போயிற்று என்கிற கணக்கு. ஓர்ம் ஒழுங்கைப் பார்த்த இடத்தில் பிள்ளை பேரத்தைப் பார்க்கிறார். ஆஹனில் நடந்ததை வைத்துப் பார்த்தால் பிள்ளையின் கண்தான் கூர்மையானது.

அந்த இன்னொரு சண்டை. 1755 மே மாதக் கடைசி. கர்னல் ஹீரான் தலைமையில் கம்பெனிப் படை மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் வரி பிடுங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. போகிற வழியில் கோவில்குடி என்ற இடத்தில் (திருமோகூர்க் கோயில் என்று அடையாளம் சொல்கிறார்கள்) கோயிலுக்குள் புகுந்து விக்கிரகங்களை எடுத்துக்கொண்டார்கள். 5,000 ரூபாய் கொடுத்து மீட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பணம் வரவில்லை. திரும்பும்போது நத்தம் கணவாயில், இரண்டு பக்கமும் அடர்ந்த காடு, நடுவே குறுகிய பாதை, ஒரு வண்டி சேற்றில் சிக்கி முன்படையும் பின்படையும் பிரிந்த நேரத்தில், அந்தப் பகுதிக் கள்ளர்கள் ஈட்டியோடும் வில்லோடும் நாட்டுத் துப்பாக்கியோடும் விழுந்தார்கள். சாமி, சாமி என்று கத்தினார்கள். விக்கிரகங்கள் இருந்த மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார்கள். படையோடு வந்த நிராயுதபாணிகளையும் பெண்களையும் குழந்தைகளையும் குத்தினார்கள் என்று ஓர்ம் எழுதுகிறார். ஆம், அதே ஓர்ம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை.

இருபது வருஷம் கழித்து, 1775 ஏப்ரல் 19. பிரிட்டிஷ் படை பாஸ்டனிலிருந்து கான்கார்டு வரை போய் ஆயுதக் கிடங்கைத் தேடிவிட்டுத் திரும்புகிறது. விடியற்காலையில் லெக்சிங்டன் புல்வெளியில் ஊர்க் குடிப்படையினர் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். திரும்பும் வழி முழுக்க மரத்துக்குப் பின்னாலிருந்தும் கல்சுவருக்குப் பின்னாலிருந்தும் ஊர்க்காரர்கள் சுட்டார்கள். பிரிட்டிஷ் தரப்பில் எழுபதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். குறுகிய பாதை, நீண்டு போன படைவரிசை, பழகிய நிலம், ஊரறிந்த ஆட்கள். போர்முறை என்று பார்த்தால் நத்தத்துக்கும் கான்கார்டுக்கும் அதிக தூரம் இல்லை. இரண்டிலும் கவாத்து தோற்றது. கான்கார்டில் 1875இல் குடிப்படை வீரனுக்குச் சிலை வைத்தார்கள்: ஒரு கை கலப்பையில், இன்னொரு கையில் துப்பாக்கி. நத்தத்தில் வென்றவர்களுக்கு என்ன கிடைத்தது? ஓர்மின் பக்கங்களில் 'திருட்டை இயல்பாகக் கொண்டவர்கள்' என்ற வர்ணனை. ஆக, வென்றாலும் பயனில்லை என்று நண்பருக்குச் சொல்லிக்கொள்கிறேன். பிறகு அந்த வர்ணனை சட்டமாயிற்று. 1911இல் மதராஸ் மாகாணத்துக்கு விரிந்த குற்றப்பரம்பரைச் சட்டம் பிறமலைக் கள்ளர்கள்மேல் பாய்ந்தது. 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டார்கள், மாயக்காள் என்ற பெண்ணும் செத்தார். மேலூர்ப் பக்கத்துக் கள்ளர் நாடுகளும் உசிலம்பட்டிப் பக்கத்துப் பிறமலைக் கள்ளர்களும் ஒன்றல்ல என்பது தெரியும். சட்டத்துக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டாக இருந்ததா? அடையாற்றில் 'ஒழுங்கற்ற படை' என்று தொடங்கிய சொல்லாடல் 'ஒழுங்கற்ற சாதி' என்று போய் முடிந்த தூரத்தைத்தான் சொல்லவருகிறேன்.

இங்கே நிறுத்திக்கொண்டால் சாதிச் சங்கச் சுவரொட்டிக்கு நல்ல வாசகம் எழுதிக்கொடுத்தவனாவேன். நத்தம் கணவாயில் ஈட்டி பிடித்த கை, காவல் என்ற அதிகாரத்தின் கையும்தான். காவல்கூலி வாங்கியது, கொடுக்காதவன் மாட்டை ஓட்டியது, யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்று முடிவுசெய்தது. அதே மேலூர் வட்டாரத்தில், 1997 ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனையும் இன்னும் ஐந்து தலித்துகளையும் பேருந்தை நிறுத்தி வெட்டிக் கொன்றார்கள். ஊர் தன்னைத்தானே காத்துக்கொள்கிறது என்று சொல்லும்போது, ஊர் என்பது எது, சேரி அதில் உண்டா என்று கேட்காமல் நம்மால் எழுத முடியாது. அமெரிக்கக் குடிப்படையும் அப்படித்தான். லூயிஸ்பர்க்கைப் பிடித்த பெப்பரல் அடிமைகளை வைத்திருந்தவர். தெற்கத்திக் குடியேற்றங்களில் தப்பியோடிய அடிமைகளை வேட்டையாடும் வேலையும் குடிப்படைக்கு இருந்தது. லெக்சிங்டன் புல்வெளியில் அன்று காயம்பட்டவர்களில் ஒருவர் பிரின்ஸ் எஸ்டாப்ரூக். அவரே ஒரு அடிமை. யாருடைய சுதந்திரத்துக்காக அவர் உடம்பில் குண்டு பாய்ந்தது? அடையாற்றில் இறங்கிய 700 பேரையும், மொரீஷியஸிலிருந்து வந்த ஆப்பிரிக்கர்களையும், எஸ்டாப்ரூக்கையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதுகிற வரலாறு நமக்கு வேண்டும். அதற்கான ஆவணங்கள் பாண்டிச்சேரியிலும் எழும்பூரிலும் கிடக்கின்றன, தமிழ் படித்தவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. நானும் அதிகம் போனதில்லை.

மாபூஸ் கான் கதையை முடிக்கவில்லை. ஹீரானோடு தெற்கே போனவர்களில் அவரும் ஒருவர். திருநெல்வேலிச் சீமையின் குத்தகையை வாங்கிக்கொண்டு அங்கேயே தங்கினார். ஹீரான் படை நெற்கட்டும்செவல் மண்கோட்டை முன்னால் நின்று, உடைக்கத்தக்க பீரங்கி இல்லாமல், திரும்பிப்போனது. மதராஸ் போனதும் ராணுவ விசாரணையில் ஹீரான் பதவி இழந்தார். அடுத்த வருஷம், 1756இல், சாந்தோம் தெருவிலிருந்து யானைமேல் ஓடிய அதே மாபூஸ் கான், கம்பெனிக்கும் தன் தம்பி முகமது அலிக்கும் எதிராகப் பூலித்தேவரோடு போய்ச் சேர்ந்துகொண்டார்.